வேட்டி நனைவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்

கேள்வி: வயது 64. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். ராத்திரி நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. மூத்திரம் நுரைக்கிறது, காலையில் மஞ்சளாகப் போகிறது. போனில் தேடினால் கிட்னி செயலிழப்பு என்று வருகிறது. டயாலிசிஸ் வரை போகுமா? மழைக்காலம் என்பதால் சளி மாத்திரை மட்டும் போடுகிறேன். வலி எதுவும் இல்லை. பத்து நாளாகத் தூக்கத்தில் தெரியாமலே வேட்டி நனைந்துவிடுகிறது.

பதில்: மஞ்சளை விடுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்காமல் தூங்கினால் எல்லாருக்கும் காலையில் அப்படித்தான் போகும். நுரைக்கு ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும். போனை மூடி வையுங்கள்.

கூச்சப்பட்டுக் கடைசியில் எழுதினீர்களே, வேட்டி நனைகிறது என்று, அதுதான் விஷயம். அறுபது தாண்டிய ஆணுக்குப் புதிதாகத் தூக்கத்தில் சிறுநீர் போனால், சிறுநீர்ப்பை நிறைந்து வழிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.

கிட்னி நிமிடத்துக்கு ஒரு மில்லி கணக்கில் சிறுநீரை இறக்கிக்கொண்டே இருக்கும். பை விரிந்து கொடுத்து 400, 500 மில்லி வரை பிடிக்கும். பாதி நிறையும்போதே மூளைக்குச் சேதி போய்விடும். அதுவரை பையின் சுவர் தளர்ந்தும் வாய்த்தசை இறுகியும் இருக்கும். நாம் போய் நின்றதும் வாய் தளர்ந்து சுவர் சுருங்கும். வயதானால் பையின் கழுத்தைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெருத்து வழியை நெரிக்கும். சுவர் வருஷக்கணக்கில் முக்கி முக்கிக் களைத்துப்போகும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். திடீரென்று அடைத்தவர் வலியில் துடித்துக்கொண்டு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார். மெதுவாக நிறைபவருக்கு வலிக்காது, அதனால்தான் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். மழை பெய்து சிரட்டை நிறைந்து விளிம்பில் சொட்டுவது நீங்கள் பார்க்காததா? சொட்டுகிறதே, அப்போ சிரட்டை காலியாகிறது என்று சொல்வீர்களா? தூக்கத்தில் வாய்த்தசை தளரும்போது உங்களுக்கும் அப்படித்தான் வழிகிறதோ என்பது என் சந்தேகம்.

இப்படி நிறைந்தே கிடந்தால் அழுத்தம் மேலே ஏறிக் கிட்னி வீங்கும். ஆகவே உங்கள் கிட்னி பயம் வெறும் பயமில்லை. ஆனால் அடைப்பு கீழே. நாள் கடத்தாமல் வடித்துவிட்டால் கிட்னி பெரும்பாலும் தேறிவிடும், டயாலிசிஸ் வரை போகாது.

மல்லாந்து படுத்து, சிறுநீர் போய்விட்டு வந்த பிறகும் தொப்புளுக்குக் கீழே பந்து போலத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்பட்டால் அப்போதே கிளம்புங்கள், இல்லாவிட்டாலும் நாளைக்குள் போய்விடுங்கள். வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது, சிறுநீர் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், சர்க்கரையும் பார்க்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரையும் நரம்பைக் கெடுத்துப் பையை மரத்துப்போக வைக்கும். மிச்சம் நிறைய இருந்தால் சிறுநீரை வடிக்க டியூப் போடுவார்கள். அதை வீட்டில் வைத்துப் போட யாரையும் கூப்பிடாதீர்கள். வடித்த பிறகு சிலருக்குச் சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும், கூட இருந்து கவனிக்க ஆள் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். குளிர்காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கலந்து போனாலோ, அடியோடு நின்றுபோனாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்தச் சளி மாத்திரை. "மாத்திரை மட்டும்" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை பலவற்றில் குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் இருக்கும். ஒன்று பை சுருங்குவதைத் தடுக்கும், மற்றது பையின் கழுத்தை இறுக்கும். புராஸ்டேட் பெருத்தவருக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் மூத்திரம் நின்றேவிடலாம். இன்றோடு நிறுத்துங்கள். மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும். மூத்திரத்தைப் பெருக்குகிறேன் என்று நெருஞ்சிக் கஷாயம், ஐந்து லிட்டர் தண்ணீர் என்றும் கிளம்பிவிடாதீர்கள், வழிகிற பையில் மேலும் ஊற்றுவதுதான் அது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த மாத்திரை அட்டையை மறக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.