விரலடி ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: வயது 46. பள்ளி ஆசிரியை. 4 மாதமாக வலது காலில் கட்டை விரலுக்கு அடுத்த விரலின் அடியில் வலி. கூழாங்கல்லை மிதித்து நடப்பது போல இருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘பிளான்டர் பிளேட்’ என்ற ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறதாம். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கட்டுப் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் விரலைப் பாருங்கள். நேராக நிற்கும்போது அது தரையைத் தொடுகிறதா, தூக்கிக்கொண்டு நிற்கிறதா? கட்டை விரல் பக்கம் சாய்கிறதா? ஒரு காகிதத் துண்டை விரலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். சுலபமாக உருவி வந்தால் பிடிமானம் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த ஜவ்வின் வேலையே விரலைத் தரையோடு பிடித்துவைப்பதுதான்.

விரல் நேராக இருந்தால் என் ஓட்டு கட்டுக்குத்தான். ஆனால் 3 மாதமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். விரலைக் கீழ்நோக்கி இழுத்து டேப் ஒட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். வளையாத, முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைந்த அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். உள்ளே வைக்கும் பேட் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம் வீடு. பள்ளிக்கு ஷூ போட்டுப் போய்விட்டு, சமையலறை டைல்ஸில் வெறுங்காலோடு நின்றால் என்ன பயன்? குத்துக்காலிட்டுக் கோலம் போடும்போது குதிகால் தூக்கி, விரல்கள் முழுசாக மடங்கும். கிழிந்த ஜவ்வை இழுக்க அதைவிட வேறு வேண்டாம். கோலத்தைக் கொஞ்ச நாள் வேறு யாராவது போடட்டும். ஸ்டீராய்டு ஊசிக்கும் அவசரப்படாதீர்கள். வலி அடங்கும், ஆனால் ஜவ்வு இன்னும் நைந்துபோகலாம்.

விரல் தூக்கிக்கொண்டோ பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டோ வந்தால் கதை வேறு. மூட்டு முழுசாக நழுவும் வரை தள்ளிப்போட்டால் சரிசெய்வது கடினம். ஆபரேஷனில் பெரும்பாலும் பாத எலும்பைச் சற்று வெட்டிப் பின்தள்ளி, ஜவ்வைத் தைத்து விரல் எலும்போடு கட்டுவார்கள். ஏறக்குறைய 6 வாரம் சிறப்புக் காலணியில் குதிகாலை ஊன்றித்தான் நடை. வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். விரல் விறைத்துப்போவதும், தரையைத் தொடாமல் மிதப்பதும் சிலருக்கு உண்டு. இதை டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் முதலில் சொல்லுங்கள்.

செய்வதென்றே முடிவானால், விரலும் பொறுத்துக்கொண்டால், கோடை விடுமுறை தொடங்கும் வாரத்தில் தேதி கேளுங்கள்.