சைவம், ஒல்லி, ஆனாலும் கொலஸ்ட்ரால் 6.6: மாத்திரை தேவைதானா?

கேள்வி: எனக்கு 44 வயது, சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறேன். பிறந்ததிலிருந்தே சைவம், முட்டைகூடத் தொடுவதில்லை. உடம்பும் ஒல்லி, புகை, மது கிடையாது. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 6.6, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 4.5, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 0.9, ட்ரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 2.6. சர்க்கரை இல்லை. பலதுறை மருந்தகத்தில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் என் அக்காவுக்கு எல்டிஎல் 160-ஆம். அவருக்கு மாத்திரையே வேண்டாம் என்றுவிட்டார்களாம். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. மாத்திரையை ஆரம்பித்தால் விடவே முடியாது என்கிறார்கள். நண்பர் சொல்லும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை முயன்று பார்க்கலாமா?

பதில்: முதலில் அக்கா கணக்கை முடித்துவிடுவோம். ஊரில் மில்லிகிராமில் எழுதுகிறார்கள், சிங்கப்பூரில் மில்லிமோலில். உங்கள் 4.5-ஐ 38.67-ஆல் பெருக்கினால் 174 வரும். ஆக, இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். அக்காவுக்கு வேண்டாம் என்றது சரியா என்பதை அவருடைய வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. அதே காரணத்தால், அவருக்குச் சொன்னதை நீங்கள் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: அப்பாவின் 52 வயது. தகப்பனாருக்கோ அண்ணன் தம்பிக்கோ 55-க்கு முன்பு, தாயாருக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்கு முன்பு இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறு என்று கணக்கில் எடுக்கிறோம். இன்னொன்று, இந்திய வம்சாவளியினருக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல் என்பதால், சிங்கப்பூரில் மருத்துவர்கள் ஆபத்தைக் கணிக்கும்போது இனத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சைவமாக இருந்தும் எப்படி என்று கேட்கிறீர்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது; அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்து அப்புறப்படுத்தும் வேலையும் கல்லீரலுடையதே. அந்த வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய கை உண்டு. நெய், வெண்ணெய், தேங்காய்ப்பால், பனீர், பாமாயிலில் பொரித்தவை ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு அதை மந்தமாக்குகிறது. இவை அத்தனையும் சுத்த சைவம்! எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதில் ஒரு பெருமையும் இல்லை. தாவர எண்ணெய் எதிலுமே அது பேருக்குக்கூட இருக்காது.

எச்டிஎல் குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்ற சோடியை நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். வெள்ளைச் சோறு, பிராட்டா, இனிப்பான தே தாரிக், உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று காரணங்கள் கூடிவிடும். ஒல்லி என்பதை நம்பாதீர்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இனி மாத்திரை. ஓட்ஸ், பயறு, பருப்பு, கொட்டை வகைகளைக் கூட்டி, நெய்யையும் பொரித்ததையும் குறைத்தால் பலருக்கு எல்டிஎல் 10 முதல் 15 சதவீதம் இறங்கும். உங்களுக்கு அது 3.9 அருகே கொண்டுவந்து விடலாம். நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு நாங்கள் விரும்புவது 2.6-க்குக் கீழே, மாரடைப்பு வந்துவிட்டவருக்கு 1.4-க்குக் கீழே. ஸ்டாட்டின் அளவைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கும். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் மருத்துவர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. தொடங்குமுன் தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் ஆகிவிட்டனவா என்று மட்டும் கேளுங்கள். தைராய்டு மந்தமானாலும் எல்டிஎல் ஏறும். அப்போது வைத்தியமே வேறு.

நிறுத்த முடியாது என்பது அடிமையாகிவிடுவீர்கள் என்ற பொருளில் உண்மையில்லை. நிறுத்தினால் எல்டிஎல் சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும், அவ்வளவுதான். தசைவலி வரலாம். ஆனால் 2020-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்களுக்கு வந்த தொல்லைகளில் ஏறக்குறைய 90 சதவீதம், மருந்தே இல்லாத போலி மாத்திரையிலும் வந்தது. ஆனாலும் கடும் தசைவலியோ கருஞ்சிவப்புச் சிறுநீரோ கண்டால் உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை லேசாக ஏறக்கூடும் என்பதால் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி வேண்டாம். அதில் வேலை செய்யும் பொருள் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினேதான். எந்த மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது. ஸ்டாட்டினுக்குப் பயந்து, அளவு தெரியாத ஸ்டாட்டினை ஏன் விழுங்க வேண்டும்?

மாத்திரை தொடங்கி 2, 3 மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 40 வயதாகி, அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது இலவசம். மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஓய்விலும் விடாத நெஞ்சுவலி என்றால் வாடகை வண்டி தேடாமல் 995-ஐ அழையுங்கள்.