சுதேசிக்குப் பேரணி, சந்தைக்குக் கையெழுத்து

கேள்வி: சுதேசி பேசும் சங்கப் பரிவாரமும் தாராளமயத்தை நடத்தும் பா.ஜ.க. அமைச்சர்களும் ஒரே வீட்டில் எப்படி இத்தனை காலம் இருக்கிறார்கள்? சண்டை நிஜமா, நமக்குக் காட்டும் நாடகமா?

பதில்: நிஜமான சண்டைதான். 1998-இல் வாஜ்பாய் நிதியமைச்சராக நினைத்தது ஜஸ்வந்த் சிங்கை. ஆர்.எஸ்.எஸ். ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பதவி யஷ்வந்த் சின்ஹாவுக்குப் போனது. அதே சின்ஹாவை 2001-இல் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தொழிலாளர்களைத் திரட்டி வைத்துக்கொண்டு வறுத்தெடுத்தவர் யார் தெரியுமா, ஆர்.எஸ்.எஸ்.ஸின் தொழிற்சங்கமான பாரதிய மஸ்தூர் சங்கத்தை நிறுவிய தத்தோபந்த் தெங்கடி, அதாவது சொந்த வீட்டுப் பெரியவர். ஆனால் அந்த வருடமே அரசின் அலுமினிய நிறுவனமான பால்கோவின் 51 சதவீதப் பங்கு சுமார் 551 கோடி ரூபாய்க்கு ஸ்டெர்லைட்டுக்குப் போய்விட்டது. 2002-இல் ஜஸ்வந்த் சிங்கும் நிதியமைச்சர் ஆகிவிட்டார்.

அப்புறம் ஏன் பிரியவில்லை? கூட்டணிக் கட்சிகளுக்காக ராமர் கோயில், காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து தந்த 370-ஆவது பிரிவின் நீக்கம், பொது சிவில் சட்டம் மூன்றையும் அன்று ஒதுக்கி வைத்தார்கள். தனிப் பெரும்பான்மை வந்ததும் 2019-இல் 370 போனது, 2024 ஜனவரியில் கோயில் திறந்தது. சுதேசிக்கு அப்படி ஒரு நாள் வரவே இல்லை. 2019-இல் ஆர்.சி.இ.பி. வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா சேராமல் விலகியபோது பரிவாரத்தின் பொருளாதார அமைப்பான சுதேசி ஜாக்ரண் மஞ்ச் கொண்டாடியது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பண்பாட்டில் கேட்டது கிடைத்துக்கொண்டே இருந்தால் பொருளாதாரத்தில் தோற்றதைத் தொண்டர் பொறுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இதில் நஷ்டம் யாருக்கு என்றால், ஆலை விற்கப்பட்ட தொழிலாளிக்கு. அவர் பிரச்சினையை மேடையில் பேச ஆள் இருந்தது, அமைச்சரவையில் இல்லை.

கேள்வி: சரி, காங்கிரஸ் மட்டும் ஒழுங்கா?

பதில்: இல்லை. இன்சூரன்ஸ் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் ஐக்கிய முன்னணி அரசு அந்தத் துறையைத் திறக்க மசோதா கொண்டுவந்தபோது வெளிநாட்டுப் பணம் கூடாது என்று பா.ஜ.க. எதிர்த்தது, இடதுசாரிகளும் எதிர்த்தார்கள், மசோதா திரும்பப் பெறப்பட்டது. இரண்டே வருடத்தில் அதே பா.ஜ.க. ஆட்சிக்கு வந்து 26 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டை அனுமதித்தது. மன்மோகன் சிங் அரசு அதை 49 ஆக்கப் பார்த்தபோது, யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்றக் குழு 26 போதும் என்றது. 2015-இல் அந்த 49-ஐ நிறைவேற்றியது மோடி அரசு, 2021-இல் 74-க்கு உயர்த்தியதும் அவர்கள்தான். அந்த 74-ஐ எதிர்த்து, மசோதாவை ஆராயும் எம்.பி.க்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர்களில் முன்னால் நின்றது, முதலில் 49-ஐக் கொண்டுவந்த காங்கிரஸ்.