மறுமொழி: கடைசித் தெரு வீடுகளில் மட்டும் குளோரின் இல்லை, மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக வருகிறது

வணக்கம் நண்பரே. கல்குளம் பக்கம் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டும் கடைசித் தெருவில் குளோரின் பூஜ்யம் என்று எழுதியிருந்தீர்கள். பவுடரைக் கூட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம். எனக்குக் குழாய் மேல்தான் சந்தேகம்.

தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகும்போது, கசிவு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும்; அந்த அழுக்கே குளோரினைத் தீர்த்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு; ஓடையையும் வயல் வாய்க்காலையும் தாண்டிப் போகும் குழாய்களுக்கு இது பெரிய ஆபத்து. குளோரின் சோதனைக் கிட்டோடு தொட்டியடியில் தொடங்கித் தெருத் தெருவாகப் பாருங்கள். எந்த இரண்டு தெருக்குழாய்களுக்கு நடுவே குளோரின் அளவு சட்டென்று விழுகிறதோ, அங்கே தோண்டுங்கள். கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

தொட்டியடியிலேயே குறைவாக இருந்தால் பவுடரைப் பாருங்கள். மூட்டை திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும். 25 சதவீத குளோரின் வீரியமுள்ள பவுடர் என்றால் உங்கள் தொட்டிக்கு சுமார் 240 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கச் சொல்லுங்கள்.

அதுவரை கடைசித் தெருக்காரர்கள் கொதிக்க வைத்தே குடிக்கட்டும், குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கசிவை அடைத்ததும் கடைசி வால்வைத் திறந்து கலங்கல் போகும் வரை ஓடவிட்டு, அப்புறம் கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி கொடுங்கள்.