கரிக்கோச்சிதான் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள்

கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மார்கழி லீவுக்குப் பிள்ளைகளோடு ஊட்டி போகிறோம். 76 வயது அப்பாவும் வருகிறார். சின்ன வயதில் கண்ட கரிக்கோச்சியில் இன்னொருதரம் ஏறவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஊட்டியில் தங்கி, அங்கிருந்து குன்னூர் வரை போய்வந்தால் போதுமா?"

போதாது, தங்கச்சி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் வழக்கமாக ஓடுவது டீசல் எஞ்சின். அப்பா கேட்கும் கரிக்கோச்சியை, அதாவது நீராவி எஞ்சினைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே மேட்டுப்பாளையத்தில் ஏற வேண்டும். குன்னூர் வந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே பயணத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலை மேட்டுப்பாளையம். மலை ரயில் அங்கே 7 மணி தாண்டிப் புறப்படும். 46 கிலோமீற்றர் ஏற ஏறக்குறைய 5 மணித்தியாலம். இறங்குவது இதைவிடச் சுருக்கு, ஆனால் எஞ்சின் மூச்சுப்பிடித்து ஏறுவதைக் கேட்கத்தானே போகிறீர்கள்.

குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் திறந்த பாதை இது. நம்ம மட்டக்களப்புப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி. இங்கே 1 மீற்றர்தான். வழியில் வரும் கல்லாறு ஸ்டேசன் (நம்ம கல்லாறு அல்ல) தாண்டியதும் 12 மீற்றர் போனால் 1 மீற்றர் உயருகிற அளவுக்குச் செங்குத்து. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல்லுச் சட்டங்களை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லு இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. எஞ்சினின் பல்லுச் சக்கரத்துக்கு எந்நேரமும் ஒரு பிடி இருக்கும். கல்லாறில் ரயில் தவழுகிற வேகத்துக்கு வந்து, அந்தப் பல்லுகள் பொருந்துகிற சத்தத்தை அப்பா கட்டாயம் கேட்கட்டும். எஞ்சினில் இரண்டு சோடி சிலிண்டர்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றது பல்லுக்கு. தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் இப்போது எரிவது எண்ணெய், நிலக்கரி அல்ல. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முதல் பெட்டிக்கு முன்னால் மறைப்பே இல்லை, கொடியோடு நிற்கும் பிரேக்காரரும் மலையும்தான். அங்கே இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

மார்கழியை மட்டும் யோசியுங்கள். நமக்கு மாரி கொட்டும் அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் நீலகிரியின் அந்தச் சரிவையும் நனைக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மண் சரிந்து ரயில் நிற்பது அடிக்கடி நடப்பது. அத்தனை தூரம் அப்பாவைக் கூட்டிப்போய் ஸ்டேசனில் வைத்து "இன்றைக்கு ஓடாது" என்று கேட்க வேண்டாம். சித்திரை லீவுக்குத் தள்ளிப்போடுவதே என் எண்ணம். கூட்டம் இருக்கும்தான். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள்.

பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. வயதானவருக்கு இது பெரிய விஷயம். ஏறுமுன் மேட்டுப்பாளையத்திலும், பிறகு வண்டி நிற்கும் ஹில்குரோவிலும் போய்வரச் சொல்லுங்கள். அங்கே குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், பிள்ளைகளின் பிஸ்கட் கவனம்.

ஊட்டி வரை டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளராமல் குன்னூருக்கு எடுங்கள். மீதித் தூரம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். அப்பா தேடும் கோச்சி எப்படியும் குன்னூரோடு நின்றுவிடும்.