கடலோரக் கேள்விகள்: அரசு எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் மகன் மண்டபத்தில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை பழகுகிறான். படகின் உறுதியைக் கணக்கிடும் ‘நாஸ்ட்ரான்’ மென்பொருளுக்குப் பெருந்தொகை கேட்கிறார்களாம். அதை நாசா அரசுப் பணத்தில் எழுதியதென்றால், தனியார் எப்படி விற்கலாம் ஐயா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு, அம்மா. ஆனால் இன்று விற்கப்படுவது நாசா எழுதுவித்த அதே நிரல் அன்று. விண்வெளி ஊர்திகளின் கட்டமைப்பைச் சோதிப்பதற்காக 1960களில் நாசா சில நிறுவனங்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி நாஸ்ட்ரானை உருவாக்கியது. ஒரு படகை அதனிடம் கொடுத்தால், ஏரா என்ற அடிக்கட்டையையும் வங்கு என்ற விலாச்சட்டங்களையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பாவித்து, படகின் முன்பக்கமான அணியத்தில் அலை மோதும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும், அந்த வளைவு பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கும் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும். காருக்கும் பாலத்துக்கும் இதே கணக்குதான் என்பதால், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘காஸ்மிக்’ என்ற மையத்தின் வழியாகத் தொழில்துறைக்கும் அது வழங்கப்பட்டது.

ஒப்பந்த நிறுவனங்களுள் ஒன்றான மெக்நீல்-ஷ்வெண்ட்லர் தனக்கென ஒரு பதிப்பை வளர்த்தெடுத்து விற்றது. பிழை திருத்துவது, கையேடு எழுதுவது, கணக்கு நடுவில் சிக்கிக்கொண்ட பொறியாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் ஆள்வைத்துச் செய்ய வேண்டிய வேலைகள். அவற்றுக்கு விலை கேட்பதில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை பின்னால் வந்தது. 1999இல் அந்நிறுவனம் நாஸ்ட்ரான் விற்றுக்கொண்டிருந்த இரண்டு போட்டி நிறுவனங்களையும் வாங்கிவிட்டது. 2001இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2002இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மெக்நீல்-ஷ்வெண்ட்லர் தன் மூல நிரலின், அதாவது மென்பொருளை எழுதிய அசல் வரிகளின், பிரதியை வேறு நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஊர்ப்பணத்தில் வெட்டிய ஊருணிக்கு ஒருவர் வேலி போட்ட கதைதான் இது. வேலியைத் திறக்கவும் அரசே வர வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் இதே வகையில் ‘ஃபீஸ்ட்’ என்ற மென்பொருளை விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கி, உரிமத்தின் பேரில் வெளியாருக்கும் தருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அரசே. ஆகையால் எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை அரசு முன்கூட்டியே முடிவு செய்ய முடியும்.

நாசாவின் 1995ஆம் ஆண்டுப் பதிப்பின் மூல நிரல் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மகன் அதை இறக்கிப் பழகட்டும். ஆனால் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய அந்தப் பழைய நிரலில் சிக்கினால் கைகொடுக்க ஆள் கிடைப்பது அரிது. எடுத்த எடுப்பில் படகை அதில் ஏற்றாமல், கையால் விடை காணக்கூடிய சாதாரண உத்தரம் ஒன்றைக் கணக்கிட்டு, இரண்டு விடையும் ஒத்துவருகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அலை முன்னறிவிப்பையும் தனியார் செயலிகள் எடுத்துக்கொண்டால், நாட்டுப்படகுக்காரர் காசு கட்டித்தான் கடலுக்குப் போக வேண்டுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்பை மீனவர்களுக்கு இலவசமாகவே வழங்குகிறது. அது பயன்படுத்தும் ‘வேவ்வாட்ச்’ என்ற அலைக்கணிப்பு நிரல் அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு நிறுவனமான நோவாவில் வளர்ந்தது. அதன் மூல நிரல் திறந்தே இருப்பதால் தனியாரும் அதை எடுத்து ஓட்டலாம். ஆனால் நிரல் கையில் இருந்தால் மட்டும் போதாது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அலை தரையை உரசியே இங்கே உருமாறுகிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள மணல் திட்டுகளோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. பழைய ஆழ அளவை வைத்துக் கணக்கிட்டால், எவ்வளவு நல்ல நிரலும் அந்த இடத்தில் தவறான அலை உயரத்தைத்தான் சொல்லும். ஆகவே அரசு நிரலையும் அரசின் அளவீடுகளையும் பெறும் நிறுவனம், தான் கண்டுபிடித்த பிழைகளையும் புதிதாக எடுத்த ஆழ அளவுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வலை இழுக்கும் உங்களுக்கு அந்தத் திட்டு இந்த வருடம் எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆளையும் அவர்கள் அனுப்ப வேண்டும்.