மொட்டை மலைன்னு யாருங்க சொன்னது?

இந்த வாரம் வந்த கேள்வி பாதிக்கு மேல வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துலேர்ந்துதான், எல்லாமே செடி, மரம், மலைன்னு ஒரே பக்கமா இருந்ததால சினிமா கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டோம், கோச்சுக்காதீங்க.

கேள்வி (சத்துவாச்சாரி): அண்ணே, தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலைன்னு நம்ம ஊரை கிண்டல் பண்றாங்களே, ஆபீஸ்ல ஒரு சென்னைக்காரர் தினம் இதையே சொல்லி வெறுப்பேத்துறாரு. மலை விஷயத்துலயாவது திருப்பிக் குடுக்க ஏதாவது இருக்கா?

பதில்: நிறைய இருக்கு தம்பி. மொதல்ல, சாமி 1981லயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துட்டாரு. பாலாறு 2021 நவம்பர்ல கரை புரண்டு வந்து கரையோர வீட்டுக்குள்ளயே பூந்துச்சு. ராஜா மட்டும்தான் பாக்கி, அவரு வராமலே இருக்கட்டும்.

மலைக்கு வருவோம். அவரு மே மாசம் பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுப் பேசுறாரு, அதுதான் பிரச்சனை. நம்மளுது பாறை மலை, மேல ஒரு சாண் மண்ணு இருந்தாலே பெருசு, அதுல ஆலமரம் எப்படிங்க நிக்கும்? அங்க இருக்கிறது முள்ளுக்காடு, வெயில் ஏறுனா இலையைக் கொட்டிட்டு சும்மா செத்த மாதிரி கெடக்கும், ஐப்பசி மழை ரெண்டு பெய்யட்டும், அதே மலையைப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.

உசில மரம் இருக்கும், அதோட இலையைக் காயவச்சு இடிச்சாத்தான் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. வெப்பாலை இருக்கும், இலையைக் கிள்ளினா பால் வரும், அந்த இலையை தேங்கா எண்ணெயில போட்டு வெயில்ல வச்சா எண்ணெயே ஊதாவா மாறிடும், சொரியாசிஸுக்கு ஆயா காலத்துலேர்ந்து தடவுறது அதுதான். சதுரக்கள்ளி, காரை, களா எல்லாம் உண்டு, களாக்காய்க்கு முள்ளுல கை கிழிச்சுக்காதவன் எல்லாம் இந்தப் பக்கத்து ஆளே இல்ல. அப்புறம் விராலி, இலை பிசுபிசுன்னு பளபளப்பா இருக்கும், ஆடு வாயே வைக்காது. ஆடு மேஞ்சு மேஞ்சு மத்தது எல்லாம் போன மலையிலகூட விராலி மட்டும் புதர் புதரா நிக்கிறதுக்கு காரணம் அதான். ஆடும் விறகு வெட்டும் இல்லாம விட்டிருந்தா உசிலயும் வேலமும் இன்னும் அடர்த்தியா நின்னிருக்கும், அதையும் நாம ஒத்துக்கணும்.

கேள்வி (ஆற்காடு): வேலூர்ங்கிற பேரே வேலமரத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு எங்க மாமா சொல்றாரு. அப்போ இப்போ ஊரைச் சுத்தி இருக்கிற முள்ளுமரத்தை எதுக்கு வெட்டச் சொல்றாங்க?

பதில்: மாமா சொல்றது ஊர்ல எல்லாரும் சொல்ற கதைதான், ஆனா நீங்க பாக்குறது வேற மரம். இப்போ ஏரி, ரோட்டோரம், பாலாத்தங்கரை எல்லாத்துலயும் பரவிக் கெடக்குறது சீமைக் கருவேலம், அது அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்தது. பூவைப் பாருங்க, சந்தேகமே வராது: நம்ம கருவேலத்துக்கு மஞ்சப்பூ உருண்டை உருண்டையா இருக்கும், காய் பாசிமணி கோத்த மாதிரி விதைக்கு விதை இடுங்கி சாம்பல் கலர்ல தொங்கும். சீமைக்கு பூ நீளமா வால் மாதிரி, காய் வெளிர் மஞ்சளா, தின்னா இனிப்பா இருக்கும். அந்த இனிப்புக்குத்தான் ஆடு மாடு தின்னுட்டுப் போய் ஊரெல்லாம் சாணியில வெதைச்சு வச்சிருக்கு. பட்டை வெளுப்பா இருந்தா அது வெள்வேலம், அதுவும் நம்ம மரம்தான், ஜேசிபிக்காரர்கிட்ட சொல்லி நிறுத்துங்க, அவருக்கு எல்லாமே முள்ளுதான்.

உங்க ஊர்ப் பேருக்கும் ரெண்டு கதை இருக்கு. ஆறு காடுன்னு ஒண்ணு, ஆர்னா ஆத்தி மரம், ஆத்திக்காடுதான் ஆற்காடுன்னு இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். ஆத்தி சோழராஜாவோட மாலைப்பூ, மந்தாரை மாதிரியே இலை ரெண்டா பிளந்து இருக்கும், ஆனா சின்னது. இப்போ ஆற்காட்டுல எத்தனை பேர் வீட்டு வாசல்ல ஆத்தி இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாத்து எழுதுங்க.

கேள்வி (ஆம்பூர்): எங்க தாத்தா தோல் பதனிடுற ஷாப்புல வேலை செஞ்சவரு. "அப்பல்லாம் ஆவாரம் பட்டை வாசனை வரும், இப்போ கெமிக்கல் நாத்தம்தான் கீது"ன்னு சொல்லினே இருப்பாரு. ஆவாரம்பூ டீ தெரியும், தோலுக்கும் ஆவாரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

பதில்: மாட்டுப் பொங்கலுக்குப் பறிச்சுட்டு வர்ற அதே ஆவாரம்தான். பட்டையில துவர்ப்பு ஜாஸ்தி, அந்தத் துவர்ப்புதான் பச்சைத் தோலை அழுகாம புடிச்சு வைக்கிற சரக்கு. தோலை சுண்ணாம்புக் குழியில போட்டு முடி எடுத்துட்டு, பட்டை ஊறுன தண்ணியில நாள்கணக்கா ஊறவச்சு, கடைசியில கடுக்காய்த் தண்ணியில முக்கி எடுத்தா தோல் வெளிர் நிறத்துல நல்லா இருக்கும். நம்ம பக்கத்து தோல் இங்கிலாந்துக்கு கப்பல் ஏறுனதே அப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை இந்தத் தொழில்ல பேர் வாங்குனதுக்கு ரோட்டோரம் பூத்துக்கிட்டு நிக்கிற இந்தப் புதருக்கும் பங்கு இருக்கு, ஆனா எந்த ஊர் ஆர்ச்சுலயும் அதோட பேரு இல்ல.

அப்புறம் வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்துச்சு, அப்புறம் குரோமியம். மாசக்கணக்கு வேலை சில நாள்ல முடிஞ்சுது, கழிவு மட்டும் பாலாத்துல நின்னுடுச்சு. 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே அதுக்கு வந்துச்சே, வேலூர் குடிமக்கள் போட்ட கேஸ்தான், இன்னைக்கும் லா காலேஜ்ல படிக்கிறாங்க. தாத்தா பேசுறதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, அவரு கையால பட்டை இடிச்சதைச் சொல்ல இனிமே ஆள் கிடைக்கமாட்டாங்க.

கேள்வி (போளூர்): ஜவ்வாது மலையில சந்தனம் வளருது, எங்க வீட்டுல நட்ட கன்னு மட்டும் ரெண்டு தடவை காஞ்சுடுச்சு. உரம் பத்தலையா?

பதில்: உரம் இல்லம்மா, துணை பத்தல. சந்தனம் பாதி ஒட்டுண்ணி, பக்கத்துச் செடி வேர்ல தன் வேரை ஒட்டவச்சு உறிஞ்சித்தான் நிமிரும், நீங்க சுத்தமா களை எடுத்து ஒத்தையா நட்டிருப்பீங்க. பக்கத்துல துவரை ஒண்ணு போடுங்க, கொஞ்சம் தள்ளி ஒரு நிரந்தர மரமும் இருக்கட்டும். வளர்க்க தடையில்ல, ஆனா வெட்டுறதுன்னா வனத்துறையைக் கேக்காம அரிவாளை எடுக்காதீங்க. உள்கட்டையில வைரம் ஏறவே பல வருஷம் ஆகும், பேரனுக்குன்னு நெனச்சு நடுங்க.

கேள்வி (காட்பாடி): பையன் மலையடிவாரத்துலேர்ந்து முதுகுல நட்சத்திரம் போட்ட ஆமை ஒண்ணு தூக்கிட்டு வந்துட்டான், வீட்டுல வச்சா காசு கொட்டும்ங்கிறாங்க, வச்சுக்கலாமா?

பதில்: கேஸுதான் கொட்டும். வனத்துறைக்கு போன் பண்ணி இன்னைக்கே குடுத்துடுங்க, அவங்க வர்ற வரைக்கும் தொட்டித் தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க, அது தரை ஆமை, நீந்தத் தெரியாது.